வீட்டில் கரோக்கி: தாளம் தப்புவது பாடகரா, கருவியா?

நம் சங்க விழாக்களில் மைக், மிக்ஸர், ஒயர் வகையறாக்களை மேய்ப்பது பல வருடங்களாக என் பொறுப்பு. அதனால் அன்பர்கள் சிலர் என்னை ஒலிப்பதிவுப் பொறியாளர் என்றே எண்ணிவிட்டார்கள். "வீட்டிலே கரோக்கி வைக்கலாம்னு இருக்கோம் சார், எது வாங்கலாம்?" என்று யாராவது தொலைபேசியில் கேட்காத மாதம் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட ஒருமுறை எழுதிவிடுங்கள் என்றார் நம் இதழாசிரியர்.

'கரோக்கி' ஜப்பானியச் சொல். 'கரா' என்றால் வெறுமை. 'ஓக்கே' என்பது ஆர்கெஸ்ட்ராவின் சுருக்கம். பாடகர் இல்லாத வாத்தியக் கோஷ்டி என்று வைத்துக்கொள்ளலாம். கோபே நகரில் வாத்தியக் கலைஞராக இருந்த டைசுகே இனோவே, காசு போட்டால் பின்னணி இசை ஒலிக்கும் பெட்டியை 1971இல் செய்து மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை வாங்க அவருக்குத் தோன்றவில்லை. உலகம் முழுக்கப் பாடுகிறது, அவருக்கு ராயல்டி கிடையாது.

கடைக்குப் போகும் நம்மவர்கள் நேராகப் போய் நிற்பது பெரிய ஸ்பீக்கர் முன்னால்தான். சக்கரம் வைத்த ட்ராலி ஸ்பீக்கர், வண்ண விளக்கு, கூடவே இனாமாக இரண்டு மைக். அதைப் பிறகு பார்ப்போம். அதைவிட முக்கியமான, கடைக்காரர் வாய் திறக்காத விஷயம் ஒன்று இருக்கிறது.

மாதுங்காவில் எழுபதைத் தாண்டிய ஒரு மாமி. மேடை ஏறியவரில்லை, ஆனால் கொலு, கல்யாணம், சீமந்தம் எதுவானாலும் அவர் பாட்டு உண்டு. பிள்ளை ஆசையாக ஒரு புளூடூத் ஸ்பீக்கரும் மைக்கும் வாங்கிக் கொடுத்திருந்தார். மைக்கைக் கைபேசியில் செருகினால், அதிலுள்ள செயலி குரலையும் இசையையும் கலந்து புளூடூத் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பும். மாமி இரண்டு வரி பாடுவார், இழுப்பார், நின்றுவிடுவார். "காலப்பிரமாணமே போயிடுத்து. வயசாயிடுத்தோல்லியோ, இனிமே நான் பாடறதா இல்லே" என்றார். "ஒரு நிமிஷம் இருங்கோ மாமி" என்று சொல்லி, என் பையில் இருந்த சிறிய மிக்ஸரில் மைக்கையும் கைபேசியையும் சேர்த்து, அங்கிருந்து ஒயர் மூலம் அதே ஸ்பீக்கருக்குக் கொடுத்தேன். அதே பாட்டு, அதே குரல். கடைசிச் சரணம் வரை தாளம் இம்மி பிசகவில்லை. பிள்ளைக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

நடந்தது இதுதான். புளூடூத்தில் ஒலி துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, மறுமுனையில் சற்றே சேமிக்கப்பட்டு, அப்புறம் விரிக்கப்படுகிறது. இதற்குச் சாதாரணமாக 150 முதல் 250 மில்லி விநாடி பிடிக்கும். கால் விநாடிதானே என்று தள்ளிவிடாதீர்கள். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். 200 மில்லி விநாடித் தாமதம் என்றால், ஏறக்குறைய 70 மீட்டருக்கு அப்பால் வைத்த ஸ்பீக்கரிலிருந்து உங்கள் குரலை நீங்களே கேட்டுக்கொண்டு பாடுவதற்குச் சமம். தன் குரலே இப்படிப் பிந்திக் காதில் விழுந்தால் சரளமாகப் பேசுகிறவரும் திக்குவார் என்று பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர் 1950இல் எழுதினார். தடுமாற்றம் உச்சத்துக்குப் போவது சுமார் 200 மில்லி விநாடியில் என்று பின்னால் வந்த ஆய்வுகள் கண்டன. புளூடூத் தருவதும் கச்சிதமாக அந்த அளவுதான்! எத்தனை பேர் இப்படி ஒரு கருவியிடம் தோற்று, குரலைக் குறை சொல்லிக்கொண்டு வாயை மூடிவிட்டார்களோ தெரியாது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இசை மட்டும் புளூடூத்தில் வந்து, குரல் ஒயர் வழியாக நேரே ஸ்பீக்கருக்குப் போனால் பெரிய மோசமில்லை. தாமதமாக வந்த இசையைக் கேட்டுத்தானே பாடுகிறீர்கள்? இரண்டும் ஒட்டிக்கொள்ளும். திரையில் பாடல் வரிகள் சற்றே முன்னால் ஓடுவது போலிருக்கும், அவ்வளவுதான். அதுவும் பல கைபேசிகளில் தானாகச் சரியாகிவிடும். குரல் மட்டும் புளூடூத் பக்கம் போகவே கூடாது. மைக்கைத் தொலைக்காட்சிப் பெட்டி வழியாகச் சவுண்ட்பாருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் இதே கதிதான், ஏனென்றால் அந்தப் பெட்டியும் ஒலியைத் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடையிலேயே சோதித்துவிடலாம். எல்லாவற்றையும் இணைக்கச் சொல்லி, மைக் தலையில் விரலால் தட்டுங்கள். விரல் தட்டும் சத்தமும் ஸ்பீக்கர் சத்தமும் ஒரே 'டக்' ஆகக் கேட்டால் சரி. 'டக்-டக்' என்று இரண்டாகக் கேட்டால் விளக்கு எத்தனை கலரில் மின்னினாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இனி மைக். டைனமிக், கண்டென்சர் என்று இரண்டு வகை. கண்டென்சர் நுட்பமானது, ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஏற்றது. அதை நம் வீட்டு ஹாலில் வைத்தால் மின்விசிறி, குக்கர் விசில், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் சேர்ந்து பாடும். பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் வேறு மிக்ஸரிலிருந்து கொடுக்க வேண்டும். நமக்கு டைனமிக் போதும். முன்பக்க ஒலியை வாங்கி, பின்பக்க ஒலியை ஒதுக்கும் 'கார்டியாய்ட்' வகையாகக் கேட்டு வாங்குங்கள். மேடைகளில் எங்கும் பார்க்கும் ஷுர் எஸ்.எம்.58 இந்த ரகம்தான். 1966இல் வந்தது, இன்னும் விற்பனையில் இருக்கிறது. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், நம் ஊர்க் கோயில் திருவிழாக்களில் பார்த்துப் பழகிய அஹுஜாவிலும் கையடக்க டைனமிக் மைக்குகள் உண்டு. மூன்று முள் உள்ள எக்ஸ்.எல்.ஆர். ஒயராக இருந்தால் இரைச்சல் குறைவு. ஒயர் இல்லாத மைக் பார்க்க அழகு. ஆனால் பேட்டரி தீர்வது எப்போதும் சரணத்தின் நடுவில்தான்.

பிடிக்கும் விதமும் உண்டு. தொலைக்காட்சிப் போட்டிகளைப் பார்த்துவிட்டுக் குழந்தைகள் மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிறார்கள். பின்பக்கத் துளைகள் அடைபட்டால் மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கத் தொடங்கும். உடனே 'கூ' என்று ஊளை. அந்த ஊளை காதுக்கு மட்டும் கேடல்ல, ஸ்பீக்கரின் ட்வீட்டரையும் எரித்துவிடும். ஸ்பீக்கரைப் பாடுகிறவருக்கு முன்னால், அவரைப் பார்த்தபடி, மைக்கின் வால் ஸ்பீக்கர் பக்கம் இருக்கும்படி வையுங்கள்.

மிக்ஸர் என்றதும் பயப்பட வேண்டாம். நாலு சானல் உள்ள சின்னப் பெட்டி போதும். ஒன்றில் மைக், ஒன்றில் கைபேசி அல்லது கணினி, இரண்டும் ஒயரில். மிகச் சத்தமாகப் பாடும் இடத்தைப் பாடச் சொல்லி, சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு 'கெய்ன்' குமிழை வைத்துவிட்டு அதை மறந்துவிடலாம். எக்கோ குமிழ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் தேவை. எக்கோ அதிகமானால் குரல் பிரமாதமாக இருப்பது போலத் தோன்றும், சுருதி விலகுவது தெரியாது. குளியலறைப் பாடகர்களின் தன்னம்பிக்கைக்குக் காரணமும் அதுவே.

இப்போது அந்தப் பெரிய ஸ்பீக்கருக்கு வருவோம். டூ-இன்-ஒன் காலத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கான வாட்ஸ் போட்டு விற்றார்களே, அது கண நேர உச்சத்தைப் பெருக்கிச் சொல்லும் விளம்பரக் கணக்கு. 'ஆர்.எம்.எஸ்.' எத்தனை என்று கேளுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலுக்கு 30 முதல் 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தாராளம். வாட்ஸை இரட்டித்தால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். உள்ளேயே ஆம்பிளிஃபையர் உள்ள ஸ்பீக்கராக வாங்கினால் தனிப் பெட்டி மிச்சம். கையில் 15,000 ரூபாய் இருந்தால் பாதியை ஸ்பீக்கருக்கும், மீதியை மைக்குக்கும் மிக்ஸருக்கும் பிரிப்பேன். கிராண்ட் ரோடு பக்கத்து லாமிங்டன் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கிப் பேரம் பேசுவது உங்கள் சாமர்த்தியம்.

அடுக்குமாடி வாசிகள் கவனிக்க: குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்பு. சுவரைத் துளைத்துப் போவது பாஸ் ஒலி. ஸ்பீக்கரைத் தரையிலும் அண்டை வீட்டுச் சுவரோடும் ஒட்டாமல் ஸ்டாண்டில் வைத்து, பாஸைக் குறைத்தால் சொஸைட்டி செக்ரட்டரி மாடி ஏறி வரமாட்டார்.

கடைசியாக டிராக். பெட்டியில் 'வோகல் கேன்சல்' பொத்தான் இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். அது இடது, வலது ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கும் வித்தை. நமக்குப் பிடித்த 1950, 60களின் திரைப்பாடல்கள் மோனோ ஒலிப்பதிவுகள். இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் கழித்தால் பாடகரோடு பக்கவாத்தியமும் போய் நிசப்தம்தான் மிஞ்சும். தனியாக வாசித்துப் பதிந்த டிராக்குகளே நல்லது. பணம் தர வேண்டியது 'கீ' மாற்றும் வசதிக்கு. ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவோம். பெண்கள் ஐந்து, ஐந்தரை. டிராக் யாரோ ஒரு பின்னணிப் பாடகரின் சுருதியில் இருக்கும். அதில் உச்ச ஸ்தாயி எட்டவில்லை என்றால் கழுத்து நரம்பு புடைக்கக் கத்த வேண்டாம், அரை அரைக் கட்டையாக இறக்கிக்கொண்டு பாடுங்கள். வேகம் மாறாமல் சுருதி மட்டும் மாறுகிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

எல்லாம் வாங்கி வந்ததும் முதலில் மிக்ஸரையும் கடைசியாக ஸ்பீக்கரையும் போட வேண்டும். அணைக்கும்போது முதலில் ஸ்பீக்கர். மாற்றிச் செய்தால் 'டொம்' என்று ஒரு அதிர்ச்சி வரும், தூங்கும் குழந்தை எழுந்துவிடும்.