அடிக்கிறவன் யார்? சீட்டாட்டத்துக்குச் சூத்திரம் சொன்ன அமெரிக்கர்!

பெரியநாயக்கன்பாளையத்தில் ஷிப்ட் முடிந்து பஸ்சுக்கு நிற்கிறவரிடம், “ரம்மி தெரியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். “ஏனுங்க, அது தெரியாதவங்களும் உண்டுங்களா?” என்று சிரிப்பார்.

13 சீட்டைக் கையில் எடுத்ததும் கெட்டிக்கார ஆட்டக்காரர் முதலில் என்ன செய்வார்? ஆடுவதா, ‘ஸ்கூட்’ விடுவதா என்று முடிவு கட்டுவார். அதில் கோட்டை விட்டால் அப்புறம் ஜோக்கர் வந்தும் புண்ணியமில்லை! விழுந்த சீட்டை நினைவில் வைக்கவும், எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று பார்க்கவும் சாமர்த்தியம் வேண்டும். ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று சுப்ரீம் கோர்ட்டு 1968-ல் சொன்னது.

இதே கணக்கை வேறொரு சீட்டாட்டத்துக்கு எழுதிப் பேர் வாங்கியவர் மைக்கேல் புளோரஸ் என்ற அமெரிக்கர்.

5 லட்சம் டாலர் சீட்டு!

அந்த ஆட்டத்தின் பெயர் ‘மேஜிக்’. கணித ஆராய்ச்சியாளர் ரிச்சர்டு கார்பீல்டு உருவாக்கியது. 1993-ல் விற்பனைக்கு வந்தது. பாக்கெட்டுக்குள் என்ன சீட்டு இருக்கும் என்று பிரித்தால்தான் தெரியும். சேர்த்த சீட்டுகளில் பொறுக்கி, 60 சீட்டுக் கட்டு ஒன்றை அவரவரே அமைக்க வேண்டும். ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளி. யாருடையது தீர்கிறதோ அவர் அவுட்!

அபூர்வ சீட்டுக்குக் கிராக்கி பலமோ பலம். ‘பிளாக் லோட்டஸ்’ என்ற ஒற்றைச் சீட்டு 2021-ல் 5 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது.

அப்படியானால் பணக்காரன்தான் ஜெயிப்பானா? இல்லை! 1996-ல் அட்லாண்டாவில் நடந்த தகுதிப் போட்டியில், பலரும் குப்பை என்று ஒதுக்கிய சில்லறைச் சீட்டுகளோடு வந்து 2-வது இடம் பிடித்தார் பால் ஸ்லை. கட்டு அமைத்துக் கொடுத்தவர் ஜே ஷ்னைடர். ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கிற சக்தியைத் துளியும் வீணாக்காமல், சின்னச் சின்ன அடியாக முந்தி அடிப்பதுதான் ரகசியம்.

பிரையன் வைஸ்மன் என்பவரின் பாணி நேர் எதிர். எல்லாவற்றையும் தடுப்பார். எதிராளியின் கை காலியான பிறகுதான் அடிப்பார்.

ஒரே ஒரு கேள்வி

சரி, இரண்டு பேருமே அடிக்கிற கட்டு வைத்திருந்தால்? இங்கேதான் புளோரஸ் வந்தார். 1999-ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: கட்டு ஒரே மாதிரி இருந்தாலும் வேலை ஒன்றல்ல. ஒருவர் அடிக்க வேண்டும். மற்றவர் தடுக்க வேண்டும். யாரிடம் அடி அதிகமோ அவர் முந்த வேண்டும். யாரிடம் தடுப்பும், மேலும் சீட்டு எடுக்கும் வசதியும் அதிகமோ அவர் பொறுக்க வேண்டும். தன் வேலை எது என்று தெரியாதவர் தோற்பார்!

ஜெயிக்கிறவன் பொத்தி வைக்கிற வித்தையை இப்படி ஊருக்கே சொல்லிவிட்டார். 20 ஆண்டு கடந்தும் அந்த ஆட்டக்காரர்கள் அதைப் புதியவர்களுக்குப் படிக்கச் சொல்கிறார்கள்.

கடைத்தெருவுக்கும் பொருந்தும்

மளிகைக் கடைக்கு எதிரே பெரிய கடை வருகிறது என்று வையுங்கள். விலையைக் குறைத்து ஆறு மாதம் தாக்குப்பிடிக்க அவர்களால் முடியும். நாளாக நாளாக அவர்கள் கைதான் ஓங்கும். சின்னக் கடைக்காரர், “பார்க்கலாம்” என்று காத்திருந்தால் கல்லா காலி. கடன், வீட்டுக்கே சரக்கு என்று தம்மால் முடிந்ததை முதல் வாரமே இறக்க வேண்டியதுதான்.

நாள் போகப் போக யாருக்கு லாபம்? எதிராளிக்கு என்றால் இன்றைக்கே அடி. உங்களுக்கு என்றால் பொறு. சீட்டோ, வியாபாரமோ, கணக்கு ஒன்றுதானுங்களே!