மாயக் கலையகத்துக்கு வாயில் அமைப்போம்

விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்துள்ள விந்தைகளுள், காட்சியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பும் கலையும் ஒன்றாகும். முன்னாளில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி தயாரிக்க வேண்டுமானால் பெரியதொரு கூடமும், மரத்தாலும் துணியாலும் அமைத்த பின்னணிகளும், தச்சரும் ஓவியரும் வேண்டும். இன்றோ ஒரு பச்சைத் துணி, இரண்டொரு காமிரா, ஒரு கணிப்பொறி, அதற்குரிய மென்பொருள் ஆகியவை இருந்தால் போதும். நம் வகுப்பறையே நூலகமாகவும் மாளிகையாகவும் மாறிவிடும்! இதையே மாயக் கலையகம் என்கிறோம். 2012ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்த ஓ.பி.எஸ். என்னும் மென்பொருளை இலவசமாகவே பெறலாம். வீமிக்ஸ் போன்றவற்றில் மாய அரங்குகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன.

அரங்கைத் தேர்ந்தெடுப்பதில் நமக்கெல்லாம் ஆசை மிகுதி. தூண்கள் நிறைந்த மண்டபமா, மலர்த் தோட்டமா என்று நெடுநேரம் ஆராய்கிறோம். காமிராவை இணைப்பதையோ கடைசி நிமிடத்துக்கு விட்டுவிடுகிறோம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? உள்ளே வரும் காட்சி கெட்டிருந்தால் எந்த மாளிகையும் அதைக் காப்பாற்றாது. ஆகவே, காட்சி உள்ளே வரும் வாயில்களாகிய உள்ளீடுகளை முறையாக அமைப்பது எவ்வாறு என்பதைக் காண்போம்.

பின்னணியை நீக்கும் இவ்வித்தை புதிதன்று. 1940இல் வெளிவந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' திரைப்படத்தில் லாரி பட்லர் நீலத் திரையைப் பயன்படுத்தினார். அப்படம் சிறப்புக் காட்சிகளுக்காக ஆஸ்கார் பரிசு பெற்றது. பின்னர் பெட்ரோ விலாஹோஸ் என்பவர், 1959இல் வெளிவந்த 'பென்ஹர்' படத்துக்காக இம்முறையை மேலும் செம்மைப்படுத்தினார். தலைமுடி, புகை போன்ற நுண்ணிய பொருள்களையும் சிதைக்காமல் பிரித்தெடுக்க அதனால் வழி பிறந்தது.

இன்று அவ்வேலையைக் கணிப்பொறி செய்கிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, பச்சையாக இருந்தால் அதை நீக்கி, அவ்விடத்தில் அரங்கின் காட்சியை வைக்கிறது. அதற்கு நிறம் மட்டுமே தெரியும், ஆளைத் தெரியாது. பச்சைக் கரையிட்ட தாவணி அணிந்து ஒருத்தி நின்றால், கரை இருக்கும் இடமெல்லாம் அரங்கு தெரியும்! சீருடையே பச்சையாக இருப்பின் நீலத் துணியைத் தொங்கவிடுவதே அறிவுடைமை. மற்றப்படி பச்சையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான காமிராக்களில் ஒளியை உணரும் நுண்ணறைகள் நான்கு நான்காக அமைந்துள்ளன. அவற்றுள் இரண்டு பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும், ஒன்று நீலத்துக்கும் உரியவை. இவ்வமைப்புக்கு கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்றார். எனவே பச்சை நிறம் காமிராவுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

முதலாவதாக, காமிராவைச் சரிசெய்வோம். அதனைத் தாங்கியில் அசையாமல் நிறுத்த வேண்டும். சாதாரண மாய அரங்கு, காமிரா திரும்புவதை அறியாது. நாம் காமிராவை அசைத்தால், பேசுபவர் மட்டும் தரையில் வழுக்கிச் செல்வதுபோல் தோன்றும். ஒளி அளவு, வெண்மைச் சமநிலை, குவியம் ஆகியவற்றைத் தானியங்கி நிலையில் விடலாகாது. மேகம் மறைத்து ஒளி மாறும்போதெல்லாம் காமிரா தானே நிறத்தை மாற்றிக்கொள்ளும், உடனே துணியின் பச்சையும் மாறும், மென்பொருள் தடுமாறும். துணிக்குத் தனி விளக்கும் பேசுபவருக்குத் தனி விளக்கும் அமைத்து, அவரைத் துணியிலிருந்து ஆறேழு அடி முன்னே நிறுத்தினால், அவர் நிழல் துணியில் விழாது. துணியின் பச்சை அவர் தோளில் படியாது.

காமிராவின் திரையில் தெரியும் மின்கலக் குறி, எழுத்துகள் முதலியன வெளியே செல்லாதவாறு அணைத்துவிட வேண்டும். இன்றேல் அவையும் அரங்கில் மிதக்கும்! சிறிது நேரம் பொத்தான்களைத் தொடாதிருந்தால் தானே அணைந்துவிடும் பழக்கமும் சில காமிராக்களுக்கு உண்டு. அதையும் நிறுத்தி, நேரடி மின்சாரத்தில் இயக்குவதே நன்று.

இரண்டாவதாக, எல்லாக் காமிராக்களும் ஒரே வேகத்தில் இயங்க வேண்டும். ஒன்று நொடிக்கு 25 படங்களும் மற்றொன்று 30 படங்களும் அனுப்பினால், மென்பொருள் சில படங்களை விட்டுவிடவோ இருமுறை காட்டவோ நேரிடும்; அசைவு வெட்டி வெட்டித் தெரியும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று உடையதாதலால், குழல் விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுக்கும். ஆகவே 25 அல்லது 50 படங்களையும், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு திறப்பு நேரத்தையும் தேர்ந்தெடுத்தால் மினுக்கல் தெரியாது.

மூன்றாவதாக, காட்சி வரும் பாதையைக் கவனிப்போம். காமிராவிலிருந்து எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக வரும் படத்தை, ஒரு சிறு பெட்டி ஏற்று யு.எஸ்.பி. வழியாகக் கணிப்பொறிக்குக் கொடுக்கிறது. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு படத்தில் 1920 × 1080 புள்ளிகள்; புள்ளிக்கு 16 பிட்டுகள்; நொடிக்கு 25 படங்கள். பெருக்கினால் ஏறத்தாழ 83 கோடி பிட்டுகள்! பழைய யு.எஸ்.பி. 2 இணைப்போ நொடிக்கு 48 கோடிக்கு மேல் தாங்காது. ஆதலால் அங்கே படத்தைச் சுருக்கித்தான் அனுப்ப முடியும். சுருக்கும்போது முதலில் பாழாவது நிறத்தின் நுட்பம்; அதன் விளைவாகத் தலைமுடியின் ஓரம் கடித்ததுபோல் ஆகிவிடும். யு.எஸ்.பி. 3 இணைப்பு 500 கோடி பிட்டுகள் வரை ஏற்கும். இரண்டு காமிராக்களை ஒரே கிளைப்பெட்டியில் செருகினால், இரண்டும் அவ்வழியைப் பங்கிட்டுக்கொள்ளும் என்பதையும் மறத்தலாகாது.

எச்.டி.எம்.ஐ. கம்பி பத்து மீட்டருக்கு மேல் நீண்டால் நம்புவதற்கில்லை. பெரிய மண்டபத்தில் எஸ்.டி.ஐ. என்னும் கம்பியே ஏற்றது. நல்ல கம்பியானால் நூறு மீட்டர் தொலைவும் செல்லும். 2015இல் அறிமுகமான என்.டி.ஐ. முறையில் கணிப்பொறி வலையின் வழியாகவே காட்சியை அனுப்பலாம்; ஆனால் அதற்குக் கம்பியில்லா இணைப்பை நம்பாமல் கம்பி இணைப்பையே நாட வேண்டும்.

இனி ஒலி. காட்சியைப் பெற்று, பச்சையை நீக்கி, அரங்கில் பொருத்தக் கணிப்பொறிக்குச் சிறிது நேரம் ஆகும். நொடிக்கு 25 படங்களானால் ஒரு படத்துக்கு 40 மில்லி நொடி. மூன்று படங்கள் தாமதித்தால் 120 மில்லி நொடி. நேரே வரும் ஒலியோ முந்திக்கொள்ளும். இடி முழக்கம் மின்னலுக்குப் பின் வருவது இயற்கை. ஆகவே ஒலி சற்றுப் பிந்தினால் மனம் பொறுத்துக்கொள்ளும், முந்தினால் உடனே கண்டுகொள்ளும். ஒலி 45 மில்லி நொடி முந்தினாலே தெரிந்துவிடும், பிந்தினால் 125 மில்லி நொடி வரை தெரியாது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. காமிராவின் முன் ஒருத்தி கை தட்டட்டும். கைகள் சேர்வதும் ஓசையும் ஒன்றாகும்வரை மென்பொருளில் ஒலியைத் தாமதப்படுத்தினால் குறை தீரும்.

இறுதியாக, ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் பெயரிடுவோம்: 'நடுக் காமிரா', 'இடக் காமிரா', 'பாடகர் குழு' என்று. அவசரத்தில் எண்கள் குழப்பும், பெயர்கள் குழப்பா. வேறொரு மென்பொருள் அதே காமிராவைப் பிடித்துக்கொண்டிருந்தால் நமக்குக் கறுப்புத் திரையே கிட்டும். ஆகையால் மற்றவற்றையெல்லாம் மூடிவிட வேண்டும். நிகழ்ச்சி எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் முன்னதாக ஓட்டிப் பார்ப்பது நலம். சூடேறி நின்றுபோகும் கருவி ஐந்து நிமிடச் சோதனையில் தன் குணத்தைக் காட்டாது.

தோழியரே! இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். ஒரு மாணவி பல நாள் மனப்பாடம் செய்த பேச்சை ஒரே முறைதான் பேசுகிறாள். வேலையின் காரணமாக வெளியூரிலிருக்கும் அவள் தந்தையும், நடக்க இயலாத பாட்டியும் அதைத் திரையில் காணக் காத்திருக்கின்றனர். அவர்களுக்கு மாளிகையும் தோட்டமும் பொருட்டல்ல. அவள் முகம் சிதையாமல் தெரிய வேண்டும். அவள் குரல் உதட்டசைவோடு ஒன்றி ஒலிக்க வேண்டும். காமிராவின் பின்னே நிற்கும் நமக்கு யாரும் கைதட்டமாட்டார்கள். எனினும், முன்னே நிற்பவளின் உழைப்பு வீணாகாமல் காக்கும் பொறுப்பு நம் கையில் அன்றோ இருக்கிறது!