திரை விசைப்பலகைத் தளக்கோலத் தொகுப்பி

திரை விசைப்பலகைத் தளக்கோலத் தொகுப்பி என்பது, கணினித் திரையில் தோன்றும் விசைப்பலகையில் எந்த விசை எங்கே, எவ்வளவு பெரிதாக அமைய வேண்டும், அதனை அழுத்தும்போது என்ன நிகழ வேண்டும் என்பனவற்றை வரையறுக்க உதவும் மென்பொருள் ஆகும். தசைநலிவு நோய், தண்டுவடக் காயம், பெருமூளை வாதம் முதலியவற்றால் வழமையான விசைப்பலகையை இயக்க இயலாதவர்கள் திரை விசைப்பலகையைப் பயன்படுத்துகின்றனர். அவர்கள் அதனைச் சுட்டி, தலையசைவு உணரி, விழிநோக்குக் கருவி அல்லது ஓர் ஒற்றை ஆளி கொண்டு இயக்குவர். ஒருவரால் திரையின் இடப்பாதியை மட்டுமே எட்ட முடியும். இன்னொருவருக்கு விரற்கடை அகலமுள்ள பன்னிரண்டு விசைகளுக்கு மேல் பயன்படாது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே தளக்கோலம் இல்லாமையே இத்தகைய தொகுப்பிகள் தோன்றக் காரணம்.

தளக்கோலக் கோப்பு

தொகுப்பியில் வரையப்படும் தளக்கோலம் ஒரு கோப்பாகச் சேமிக்கப்படுகின்றது. ஒவ்வொரு விசைக்கும் அதில் குறைந்தது நான்கு செய்திகள் இருக்கும்: விசையின் அடையாளப் பெயர், அதன் இடமும் அளவும், மேலே தெரியும் எழுத்து, அழுத்தும்போது வெளியிடப்படுவது. கடைசி இரண்டும் ஒன்றே எனப் புதியவர்கள் எண்ணுவதுண்டு. தமிழில் அவ்வாறு கொள்ள இயலாது. தனித்து நிற்கும் உயிர்மெய்க் குறி பெரும்பாலான எழுத்துருக்களில் புள்ளி வட்டத்துடன் தோன்றும். "க்ஷ" கண்ணுக்கு ஓரெழுத்தாயினும் ஒருங்குறியில் மூன்று குறியீடுகளின் தொடர். ஆகவே காட்டப்படுவதையும் வெளியிடப்படுவதையும் தனித்தனியே எழுத இடந்தராத தொகுப்பி தமிழுக்கு முழுமையாக உதவாது.

லினக்ஸ் இயங்குதளத்திற்கான ஆன்போர்டு என்னும் கட்டற்ற திரை விசைப்பலகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதில் விசைகளின் பண்புகள் எக்ஸ்.எம்.எல் வடிவிலான ஒரு கோப்பிலும், அவற்றின் வடிவங்கள் எஸ்.வி.ஜி படக் கோப்பிலும் இருக்கின்றன. இரண்டையும் இணைப்பது விசையின் அடையாளப் பெயர் மட்டுமே. படத்தை இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் திறந்து விசையைப் பெரிதாக்கலாம். ஆனால் அடையாளப் பெயர் தவறுதலாக மாறிவிட்டால் அவ்விசை தன் வடிவத்தோடு கொண்ட தொடர்பை இழந்துவிடும். ஆப்பிள் நிறுவனமோ தனியான வரைதல் தொகுப்பியை இயங்குதளத்துடனேயே வழங்குகின்றது. 2013இல் வெளியான மாக் இயங்குதளத்தின் 10.9 பதிப்பில் ஆளிவழிக் கட்டுப்பாடும், 2017இல் வெளியான 10.13 பதிப்பில் அணுக்க விசைப்பலகையும் இடம்பெற்றன. விண்டோஸ் 2000 முதல் அவ்வியங்குதளத்துடன் வரும் திரை விசைப்பலகையில் விசைகளை விரும்பியவாறு இடம் மாற்றும் வசதி இல்லை.

பேணுதலிலுள்ள சிக்கல்கள்

ஒரு சொற்செயலியில் வழு ஏற்பட்டால் பயனர் அதனை எழுதித் தெரிவிப்பார். திரை விசைப்பலகையின் தளக்கோலம் திறக்காமற் போனாலோ, அவர் எழுதுவதற்கான வழியே அடைபட்டுவிடுகின்றது. கடவுச்சொல்லை இடவும் பிறர் துணை வேண்டியிருக்கும். பல மாதங்கள் முயன்று, சிகிச்சையாளருடன் சேர்ந்து சீர்செய்யப்பட்ட தளக்கோலம் ஒருவரிடம் இருக்கலாம். நோய் முற்றிய நிலையில் அதே உழைப்பை மீண்டும் செலவிட அவரால் முடியாது. எனவே தொகுப்பியைப் பேணுவோரின் முதற் கடமை புதிய வசதி சேர்ப்பதன்று, பழைய கோப்புகள் அனைத்தும் திறக்குமாறு பார்த்துக்கொள்வதே எனலாம்.

இதற்காகக் கோப்பின் தொடக்கத்தில் வடிவப் பதிப்பு எண் குறிக்கப்படுகின்றது. புதிய தொகுப்பி பழைய எண்ணைக் கண்டால், மூலக் கோப்பை மாற்றாமல் அதன் படியொன்றை எடுத்துப் புதிய வடிவுக்கு மாற்ற வேண்டும். தனக்குத் தெரியாத பண்பு ஏதேனும் கோப்பில் இருந்தால் அதனை அழிக்காமல் அப்படியே திருப்பி எழுத வேண்டும். இவ்விரண்டாவது விதி பலமுறை மறக்கப்படுகின்றது.

"திருத்தம்" என்ற பெயரில் உள்ளடக்கத்தை மாற்றுவதும் தீங்கு விளைக்கும். "ஶ" என்னும் எழுத்து ஒருங்குறியின் 4.1 பதிப்பில், 2005ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் உருவான தளக்கோலங்களில் "ஸ்ரீ" என்னும் விசை "ஸ" எழுத்தைக் கொண்டே அமைந்தது; பின்னர் "ஶ" கொண்டு எழுதும் முறை வந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். தொகுப்பி ஒன்றை மற்றொன்றாகச் சொல்லாமல் மாற்றினால், பயனர் தாம் முன்பு எழுதிய பெயர்களைத் தேடிக் காணமுடியாமற் போகலாம்.

ஒற்றை ஆளியால் இயக்குவோருக்கு விசைகளின் வரிசை முக்கியமானது. வருடல் முறையில் ஒளிக்கட்டம் முதலில் நிரை நிரையாகவும், பின் தேர்ந்த நிரைக்குள் விசை விசையாகவும் நகரும். ஐந்தாம் நிரையின் எட்டாம் விசையை அடைய, கட்டம் பன்னிரண்டு முறை நகர வேண்டும். ஒவ்வொரு கட்டமும் ஒரு நொடி நின்றால் ஓர் எழுத்துக்குப் பன்னிரண்டு நொடி கழியும். இடத்தை வைத்து வரிசையைத் தானே கணிக்கும் தொகுப்பியில், விசையைச் சற்று மேலே இழுத்தாலே வருடல் வரிசை குலைந்துவிடக்கூடும். வரிசையைத் தனிப்பண்பாகச் சேமிப்பதே பாதுகாப்பானது.

மாற்று விசைகளும் தனிக் கவனம் வேண்டுவன. சுட்டி ஒன்றே உள்ளவர் மேல்தட்டு விசையைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றை அழுத்த இயலாது. ஆகவே ஒருமுறை அழுத்தினால் அடுத்த விசைக்கு மட்டும் நிற்கவும், இருமுறை அழுத்தினால் விடுவிக்கும்வரை நிற்கவும் அது அமைக்கப்படுகின்றது. இடையில் மென்பொருள் முடங்கினால் அவ்விசை அழுந்திய நிலையிலேயே இயங்குதளத்தில் தங்கிவிடலாம்.

இயங்குதள மாற்றங்கள்

தொகுப்பியில் ஒரு வரியும் மாறாதபோதும் அது செயலிழக்கலாம். 2007இல் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா முதல், உயர் உரிமையுடன் இயங்கும் சாளரங்களுக்கு விசைகளை அனுப்பச் சாதாரண நிரல்கள் தடுக்கப்பட்டன. அணுக்க மென்பொருள்கள் மின்கையொப்பம் பெற்று, பாதுகாக்கப்பட்ட கோப்புறையில் நிறுவப்பட்டாலே விலக்குப் பெறுகின்றன. லினக்ஸில் எக்ஸ் சாளர முறைமைக்குப் பதிலாக வேலேண்டு வந்தபோது இதைவிடப் பெரிய தடங்கல் நேர்ந்தது. ஒரு நிரல் மற்றொரு நிரலுக்குப் பொய்யாக விசை அனுப்புவதை வேலேண்டு பாதுகாப்புக் கருதி அனுமதிப்பதில்லை. திரை விசைப்பலகை செய்வதோ அதைத்தான். பெடோரா 2016இலும், உபுண்டு 2021இல் 21.04 பதிப்பிலும் வேலேண்டை இயல்பிருப்பாக்கின. இதனால் எக்ஸை நம்பி எழுதப்பட்ட ஆன்போர்டு போன்றவை அங்கே எக்ஸ் அமர்வுக்கு மாறினாலன்றிச் சரிவர இயங்கவில்லை.

தொகுப்பியின் அணுக்கம்

விசையை இழுத்துவிடும் முறையில் மட்டுமே இயங்கும் தொகுப்பியை, அந்த விசைப்பலகை தேவைப்படுபவராலேயே பயன்படுத்த முடிவதில்லை. பிறரை எதிர்பார்க்க வேண்டியுள்ளது. தேர்வு செய்தல், ஒரு படி நகர்த்தல், ஒரு படி பெரிதாக்கல் ஆகியவற்றைத் தனித்தனிச் சொடுக்குகளாகத் தருவது இதற்கு ஒரு தீர்வு. பயனர் திருத்துவது தாம் அப்போது எழுதிக்கொண்டிருக்கும் விசைப்பலகையை ஆகையால், மாற்றங்கள் படியொன்றில் செய்யப்பட்டு, அவர் ஏற்ற பின்னரே நடைமுறைக்கு வர வேண்டும். குறித்த நொடிகளுக்குள் உறுதி செய்யாவிட்டால் பழைய தளக்கோலம் தானே திரும்பும் முறையும் பயனுள்ளது. திரைத் துல்லியத்தை மாற்றும்போது இயங்குதளங்கள் கையாளும் வழியும் இதுவே. நொடிகளின் எண்ணிக்கையைப் பயனரே குறிக்க இடமிருக்க வேண்டும், ஏனெனில் வருடல் முறையில் உறுதி விசையை அடையவே அரை நிமிடம் ஆகலாம்.