கறள் பிடித்த பிக்கப்பை இரும்புக்கு நிறுத்து விற்க முன்

இடம்பெயர்ந்து போன குடும்பம் சொந்த வளவுக்குத் திரும்பும்போது முதலிற் பார்ப்பது கிணற்றையும் கூரையையும் வேலியையும்தான். மரத்தின் கீழ் கொடி படர்ந்து நிற்கும் பழைய வாகனம் கடைசியாகவே கண்ணிற் படும். அதை முந்திக் கண்டுகொள்பவர் பழைய இரும்பு வாங்குபவர். அவரிடம் தராசும் உண்டு, காசும் உண்டு. எம்மிடம் காசில்லாத நேரம். "கறள் கட்டிதானே, கொண்டு போகட்டும்" என்று கொடுத்துவிடுகின்றோம். கொடுக்க முன் ஒரு நாளாவது அந்த வாகனத்தைச் சுற்றி வந்து பாருங்கள் என்று கேட்பதற்கே இதை எழுதுகின்றோம்.

எமது நாட்டில் ஐம்பது, அறுபது வருடப் பழைய வாகனங்கள் இன்னும் ஓடுவது தற்செயலல்ல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 இல் கதவு திறக்கும் வரை, கையிலிருந்த ஒஸ்ரினையும் மொறிஸையும் திருத்தித் திருத்தியே ஓடினார்கள். கராஜ் பாஸ்மாரின் கைத்திறன் அந்தக் காலத்திலேயே வளர்ந்தது. 2020 மார்ச்சில் இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இடைப்பட்ட அந்த ஐந்து வருடத்தில், எறிந்துவிடலாம் என்று நினைத்த வாகனங்களுக்கும் விலை ஏறியது.

இவ்வகை வாகனங்களுள் மொறிஸ் மைனர் பிக்கப்பை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மொறிஸ் மைனர் கார் 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்தார். பிக்கப் 1953 இல் வந்தது. காரும் பிக்கப்பும் முகத்தில் ஒன்று போலிருந்தாலும் அடியில் வேறானவை. காருக்குத் தனியான செசி இல்லை, தகட்டு உடலே அதன் எலும்பு. பிக்கப்பின் பாரத்தைத் தாங்குவதற்கோ கீழே தனி இரும்புச் சட்டம் ஓடுகின்றது. ஆகவே பின்பெட்டி முழுவதும் உக்கிப் போனாலும், அந்தச் சட்டம் நலமாக இருக்குமானால் வாகனம் இருக்கின்றது என்றே அர்த்தம். பெட்டியைப் பலகையாலும் கட்டிக்கொள்ளலாம். தகட்டு வேலைக்கும் வெளிநாட்டைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவரின் கூட்டோடு, 1990களில் இலங்கையிலேயே இந்த வாகனத்தின் தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்குள்ளவர்கள் எமது தகட்டு வேலைக்காரரின் கையை நம்பியிருக்க, நாம் நம்பாமல் இரும்புக்கு நிறுத்துக் கொடுப்பது வேடிக்கைதான்.

மாவடிப்பள்ளி காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் வயல் நடுவே இருக்கின்ற ஊர். கிழக்கே சற்றுத் தூரத்தில் கடல். உப்புக் காற்று இரும்பில் படியும்போது அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கின்றது. உப்பு ஈரத்தில் கறள் பல மடங்கு விரைவாக ஏறும். மாரியில் வயல் வெள்ளம் வேறு. இதோடு நாம் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. உரமூட்டை ஏற்றிய பிக்கப்பின் தளத்தில் கொட்டுண்ட உரமும் ஒரு வகை உப்புத்தான். தளத்தின் மூலைகளும் சட்டம் பொருந்தும் இடங்களும் முதலில் உக்குவது அதனாலேயே. வைக்கோலைக் குவித்து மூடி வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அங்கு ஒரு வளவில் நாம் பார்த்த பிக்கப் இப்படித்தான் இருந்தது. மூத்தவர் விற்க நின்றார். மகனோ திருத்த ஆசைப்பட்டார், ஆனால் அவர் மனதில் இருந்தது நிறம்.

"பெயின்ட் அடிச்சா புதுசு மாதிரி வரும் வாப்பா."

"பெயின்ட் வண்டிய நிப்பாட்டுமா மகன்? முதல்ல பிரேக்கப் பாரு."

இரும்புக்குப் போட நினைத்தவரே வேலையின் வரிசையைச் சரியாகச் சொன்னார். ஆனால் பிரேக்குக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கின்றது. அது பத்திரம்.

இடம்பெயர்வில் பதிவுப் புத்தகம் தொலைந்த குடும்பங்கள் பல. புத்தகம் இல்லையென்பதால் வாகனம் உங்களுடையதல்ல என்றாகிவிடாது. பொலிசில் முறைப்பாடு செய்து அதன் பிரதியோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இணைப்பிரதி கேட்கலாம். அதற்கு வாகனத்தின் பதிவிலக்கமும் செசி இலக்கமும் வேண்டும். பொனற்றைத் திறந்தால் இயந்திரத்துக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரில் இலக்கத் தகடு இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து வாசியுங்கள். அரத்தாள் போட்டுத் தேய்த்தால் இலக்கமும் சேர்ந்து போய்விடும். அந்தத் தகட்டை வெட்டவோ, வேறு வாகனத்தின் தகட்டைக் கொண்டுவந்து பொருத்தவோ எவர் சொன்னாலும் இணங்க வேண்டாம். அது திருத்தமல்ல, குற்றம். வாகனம் தகப்பனின் அல்லது பாட்டனின் பெயரிலிருந்து அவர் காலமாகியிருந்தால் உரிமை மாற்றத்தையும் சேர்த்தே விசாரியுங்கள். பத்திரம் சரிவரும் என்று தெரியாமல் ஒரு சதமும் செலவழிப்பது புத்தியல்ல. யுத்தம் நடந்த காணிகளில் கைவிடப்பட்ட வாகனமானால், மிதிவெடி அகற்றப்பட்டது என்று அறிவிக்கப்படும் வரை அதன் கிட்டவும் போக வேண்டாம்.

அடுத்தது சட்டம். ஒரு சிறு சுத்தியலும் கூரான ஸ்குறூ ட்றைவரும் போதும். சட்டத்தின் நீளத்துக்கும் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உக்கியது மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குறூ ட்றைவரை அழுத்துங்கள். உள்ளே போனால் அங்கே இரும்பு இல்லை. பின்வில்லுகள் சட்டத்தில் தொங்கும் இடங்களையும், முன்பக்கத்தில் சட்டம் வளையும் இடங்களையும் விசேடமாகப் பாருங்கள். ஓரிரு இடம் உக்கியிருந்தால் தேர்ந்தவரைக் கொண்டு தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். இரு பக்கமும் நீளத்துக்கு உக்கியிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு விட்டுவிடுவதே மேல். அப்போதும் முழு வாகனமாக நிறுத்துக் கொடுக்க வேண்டாம். இயந்திரம், கியர்ப் பெட்டி, விளக்குகள், கதவுகள் ஆகியவற்றைக் கழற்றித் தனித்தனியே விற்றால் இரும்பு விலையிலும் கூடவே கிடைக்கும்.

வேலையை ஆரம்பிக்க முன் ஒரு கொப்பி வாங்குங்கள். எந்த ஆணி எங்கிருந்து கழன்றது என்பதை எழுதி, ஆணிகளை வெவ்வேறு பால்மா ரின்களிற் போட்டு வையுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழ் படுக்கக் கூடாது. தடித்த மரக்குற்றிகளை அடுக்கித் தாங்குங்கள். சீமெந்துக் கல் எச்சரிக்கையின்றி நொருங்கும்.

சிறு பாகங்களின் கறளை எடுக்கச் செலவு குறைந்த இரு வழிகள் உண்டு. சீனி ஆலையின் மொலாசஸ் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பாகத்தை அதில் இரண்டு மூன்று கிழமை ஊறவிடலாம். மணம் தாங்க முடியாது, வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள். இரும்பை மட்டுமே அதற்குள் போட வேண்டும். காபரேற்றர் போன்ற அலுமினியப் பாகங்களை அது அரித்துவிடும். மற்றது மின்சார முறை. பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீரும் சிறிது சலவைச் சோடாவும் கலந்து, பற்றரி சார்ஜரின் கழித்தல் முனையைக் கறள் பிடித்த பாகத்திலும் கூட்டல் முனையை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் பூட்ட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. அந்த இரும்புத் துண்டுக்குப் பதிலாகக் கறள் பிடிக்காத எவர்சில்வரைப் போடவே கூடாது, நஞ்சு இறங்கும். குமிழியாக வெளிவரும் வாயு தீப்பிடிக்கும். ஆகவே திறந்த வெளியில் செய்யுங்கள், பீடி சிகரட் கிட்ட வரக்கூடாது.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் உலர்வாகத் தேய்க்காமல், தண்ணீர் விட்டுத் தேய்த்து ஊத்தையைக் கூட்டி அள்ளுங்கள். பழைய பிரேக் சப்பாத்துகளில் அஸ்பெஸ்ரஸ் உண்டு. அந்தத் தூசியை வாயால் ஊதும் வழக்கம் எம்மவரிடையே இருக்கின்றது. அதை விட்டுவிட வேண்டும், ஈரத் துணியால் துடைப்பது போதும். பெற்றோல் தாங்கி எத்தனை வருடம் வெறுமையாகக் கிடந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். அதை வீட்டில் வெல்டிங் செய்ய எவருக்கும் இடங்கொடாதீர்கள்.

இறுகிய இயந்திரத்தைக் கண்டு பலர் மனம் விடுகின்றார்கள். உண்மையில் அதுதான் பொறுமைக்கு இணங்கும் பாகம். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் மெல்லிய ஒயிலும் கலந்து விட்டு ஒரு கிழமை விடுங்கள். பிறகு மேல் கியரில் போட்டு வாகனத்தை முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்தால் பல இயந்திரங்கள் இளகும். வன்மையாகக் கம்பி கொடுத்துத் திருப்பினால் உள்ளே முறியும். பழைய ஒயிலை முழுவதும் வடித்துப் புது ஒயில் விட்ட பின்பே இயக்கிப் பார்க்க வேண்டும். பற்றரி பூட்டும்போதும் அவதானம் தேவை. இந்த வாகனத்தில் ஆரம்பத்தில் கூட்டல் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. முன்பு வைத்திருந்த எவரும் மாற்றியிருக்கவும் கூடும். வயரைப் பின்தொடர்ந்து பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

இனிப் பிரேக். மொறிஸ் மைனருக்கு ஒரே குழாய்த் தொகுதி. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சில்லிலும் பிரேக் இராது. ஆகவே குழாய்களையும் றப்பர்களையும் முழுவதும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கஞ்சத்தனம் காட்டக்கூடாத இடம் இது. பிரேக் றப்பரை மண்ணெண்ணெயிலோ ஒயிலிலோ கழுவினால் ஊதிப் போகும், பிரேக் எண்ணெய் மட்டுமே படலாம். முன்சில்லைத் தாங்கும் தண்டின் கீழ்முனையில் புரிகொண்ட மூட்டு ஒன்று உண்டு. கிறீஸ் காணாமல் புரி தேய்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லு மடிந்து விழும். இந்த வாகனத்தின் பேர்போன பலவீனம் இது. நல்ல கராஜ் பாஸ் ஒருவருக்கு இரண்டு நாட்கூலி கொடுத்தேனும் பிரேக்கையும் இந்த மூட்டையும் அவர் கையால் பார்ப்பியுங்கள்.

திருத்திய வாகனம் கையிலிருக்கும்போது மாரி வெள்ளத்தைக் கடந்து பார்க்கும் துணிவு வரும். 2024 நவம்பர் 26 இல் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மதரசா மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றதையும், அந்தப் பிள்ளைகளைத் தேடிய நாட்களையும் இப்பகுதியில் எவரும் மறக்கவில்லை. உழவு இயந்திரத்தையே புரட்டும் ஓட்டத்தில் பிக்கப் நில்லாது. வெள்ளத்தில் மூழ்கிய வாகனத்தையும் உடனே இயக்க வேண்டாம். ஒயிலோடு தண்ணீர் கலந்திருக்கும்.

காசு விடயத்தில் எமது எண்ணம் கண்டிப்பானது. விதை நெல்லுக்கும் பெரும்போக உழவுக்கும் ஒதுக்கிய பணத்தில் கை வைக்க வேண்டாம். அடகுக் கடனுக்கும் போக வேண்டாம். போகம் முடிந்து கையில் மிஞ்சுவதைக் கொண்டு பகுதி பகுதியாகச் செய்யுங்கள். இரண்டு வருடம் எடுத்தாலும் பரவாயில்லை, அதுவரை கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டு மழையைத் தடுத்தாலே கறள் பாதி அடங்கும். பெயின்ட் எல்லாவற்றுக்கும் பின். அதுவும் கறளின் மேல் நேரே பூசாமல், சுரண்டித் துடைத்து, ரெட் ஒக்சைட் பூசி, அதன் மேல். ஏற்றியிறக்கும் வாகனமாகையால் தகுதிச் சான்றிதழும் காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் இல்லாமல் வீதியில் இறக்க முடியாது. பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

முதல் ஓட்டத்தை வெறும் பெட்டியோடு ஊருக்குள் மெதுவாக ஓடிப் பாருங்கள். நிறுத்தியதும் நான்கு சில்லையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுடுமானால் அந்தச் சில்லில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றது. அதைக் கழற்றிச் சரிசெய்யும் வரை நெல்மூட்டை ஏற்ற வேண்டாம்.