புளிக்கணக்கும் பேரேடும்

சித்தேரி போன்ற மலைகளில் பழங்குடியினருக்கென்றே ஏற்பட்டவை லேம்ப் கூட்டுறவுச் சங்கங்கள். கடன் கொடுப்பதோடு புளி, கடுக்காய் போன்ற வனப்பொருட்களை வாங்குவதும் அவற்றின் வேலை. அப்படியொரு சங்கம் உறுப்பினர் ஒருவரிடம் 6,000 ரூபாய்க்குப் புளி வாங்கி, பணத்தைப் பிறகு தருவதாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் கணக்கில் 6,000 பற்று. உறுப்பினர் கணக்கில் 6,000 வரவு. கைக்கணக்கில் இதை எழுத்தர் முதலில் நாள் வரிசைப்படி குறிப்பேட்டில் பதிவார். பிறகு பேரேட்டில் அந்தந்தக் கணக்கின் பக்கத்துக்கு எடுத்தெழுதுவார். இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சியோலி 1494இல் வெனிசில் அச்சில் வெளியிட்ட நூலில் விவரித்த முறையும் இதுதான். எடுத்தெழுதும்போதுதான் 6,000 என்பது 600 ஆகும், பற்று வரவாகும்.

டாலி போன்ற மென்பொருளில் இந்த எடுத்தெழுதும் வேலையே கிடையாது. ஒரு கொடுக்கல் வாங்கலுக்கான வவுச்சரை ஒருமுறை பதிந்தால் போதும். பற்றும் வரவும் சமமாகாத வவுச்சரை மென்பொருள் ஏற்காது. தேதிவாரியாகக் கேட்டால் குறிப்பேடு போன்ற டே புக்காகவும், கணக்குவாரியாகக் கேட்டால் பேரேடான லெட்ஜராகவும் அதே பதிவுதான் திரையில் வருகிறது. மென்பொருளைப் பலரும் கூட்டல் வேகத்துக்காகப் புகழ்கிறார்கள். அதற்குக் கால்குலேட்டரே போதுமே! உண்மையான லாபம் வேறு. லெட்ஜரின் முடிவு இருப்பில் என்டர் தட்டினால் மாதவாரித் தொகை, அதில் தட்டினால் அம்மாத வவுச்சர்கள், இன்னும் தட்டினால் அந்த ஒரு வவுச்சர் என்று, ஒரு தொகை எங்கிருந்து வந்தது என அடிவரை இறங்கிப் பார்க்கலாம்.

இருபுறமும் சமமானால் கணக்கு சரிதானே என்று கேட்கலாம். இல்லை. ஒரே பெயரில் பலர் இருக்கும் ஊரில் ஒருவருடைய 6,000 இன்னொருவர் கணக்கில் ஏறினாலும் மொத்தப் பற்றையும் மொத்த வரவையும் ஒப்பிடும் இருப்பாய்வு அப்பழுக்கின்றிப் பொருந்தும். இதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் புளி கொடுத்தவரே. தன் கணக்கின் லெட்ஜரைத் தேதியோடு பார்த்தால் விடுபட்ட பதிவு தெரிந்துவிடும். மென்பொருளுக்கு எதிராகச் சொல்லப்படும், மையால் எழுதியதை அழித்தால் தடம் தெரியும், திரையில் மாற்றினால் தெரியாது என்ற மறுப்புக்கு வலு அதிகம். அதனால்தான் 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்துவைக்கும், அந்த வசதியை முடக்கவும் இடந்தராத மென்பொருளையே நிறுவனங்கள் பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது. அது நிறுவனச் சட்டத்தின் கீழ் வரும் விதி. கூட்டுறவுச் சங்கங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த வசதியுள்ள மென்பொருள்தான் வேண்டும் என்று சங்க உறுப்பினர்கள் பேரவையில் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை.