நுண்ணுயிர்க்கொல்லி ரத்தத்தையும் தொடும், தெரியுமா?

நம் எலும்பு மஜ்ஜை ஒரே நாளில் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களைப் பிறப்பிக்கிறது, தெரியுமா? காயம்பட்டால் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களுக்கு ஆயுளே 7 முதல் 10 நாள்தான். மஜ்ஜை கொஞ்சம் சுணங்கினாலும் அவற்றின் எண்ணிக்கை சரியத் தொடங்கிவிடும்!

மஜ்ஜையை இப்படிச் சுணங்க வைக்கக்கூடியது லினெசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லி. பாக்டீரியா புரதம் தயாரிப்பதை அது தடுக்கிறது. நம் செல்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவோ, நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு செல்லுக்குள் குடியேறிய பாக்டீரியாவின் வாரிசு! எவ்வளவு பழைய உறவு பாருங்கள். அந்தச் சாயலால் மருந்தின் அடி மஜ்ஜை மீதும் விழுகிறது. இரண்டு வாரத்தைத் தாண்டினால் ஆபத்து கூடும். சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு இன்னும் அதிகம். அதனால்தான் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தட்டணுக்கள் மீண்டுவிடும் என்பது நல்ல செய்தி.

அடுத்தது இன்னும் வியப்பு: ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தோடு நுண்ணுயிர்க்கொல்லி சேரும் கதை. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் இறந்தன. விஸ்கான்சினில் உயிர்வேதியியலாளர் கார்ல் லிங்க்கின் குழு அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் பிறந்த வார்ஃபாரின் முதலில் எலி மருந்து. 1954இல் மனிதர்களுக்கும் அனுமதி! இன்று செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களைக் காக்கும் மருந்து அது.

ஆனால் வார்ஃபாரினோ, அதே வகை மருந்தான அசிட்ரோமோ சாப்பிடும் பெரியவருக்கு, சிறுநீர்த் தொற்றுக்கென்று கோட்ரைமாக்சசோலோ, வயிற்றுப்போக்குக்கென்று மெட்ரோனிடசோலோ என நுண்ணுயிர்க்கொல்லி சேர்த்துக் கொடுத்தால்? ரத்தம் நீர்க்கச் செய்யும் அந்த மருந்தைக் கல்லீரல் சிதைப்பது தடைபடும். பழைய அளவுதான், ஆனால் வீரியம் கூடிவிடும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு சில நாட்களிலேயே எகிறும். மூளைக்குள் ரத்தம் கசியும் அளவுக்குக்கூடப் போகலாம். என் கணிப்பில், குடும்பங்கள் அதிகம் கவனிக்கத் தவறுவது இந்த ஜோடியைத்தான்.

மருத்துவமனைகளில் ஊசியாகப் போடும் செஃபோபெரசோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோ, ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே செயல்படுவதையே கெடுக்கக்கூடியது. பல நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கும் முதியவருக்கு அதனால் ரத்தக்கசிவு வரலாம்.

ஈறில் ரத்தம், அடிபடாமலே நீலத் திட்டு, தோலில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள், கறுத்த மலம் இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். தாத்தா, பாட்டியை அழைத்துப் போகும்போது அவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.