கங்காணி பெயர் தெரியுமா?

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அன்றைக்கு ஒருவருடைய ஊரைக் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். கங்காணி தன் வட்டாரத்திலிருந்து உறவும் பங்காளியுமாகத்தான் ஆள் கூட்டி வந்தார். குலதெய்வம் எது, யாருக்கு யார் மாமன் முறை என்பதெல்லாம் வாய்க்கணக்கிலேயே இருந்தது. தாள் தேவைப்படவில்லை.

இன்று தாள் தேடுகிறார்கள் பேரப்பிள்ளைகள். லயங்களில் வங்கதேசத்தாரும் நேப்பாளிகளும் குடியிருக்க, இவர்கள் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருந்தபடி தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவின் பட்டியலைக் கைப்பேசியில் புரட்டுகிறார்கள். இலாகா பெயர் வரும், தோட்டத்தின் பெயர் வரும். தாத்தா பெயர் வருவது அபூர்வம்.

மொரீஷியசுக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கு இந்தத் தவிப்பு குறைவு. ஒப்பந்தக் கூலிகளுக்கு எண், கப்பல், சொந்த ஊர் எல்லாம் பதிவாயின. பின்னாளில் படமும் எடுத்தார்கள். மலாயாவில் அந்த ஒப்பந்த முறை 1910-லேயே ஒழிந்துவிட்டது. கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதோ 1929-ல்தான். அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் புது ஆள் வரவு சுருங்கியது. 1938-ல் இந்திய அரசு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. ஆகவே உங்கள் பாட்டனார் முதலில் கீழே ஏதாவது ரப்பர் தோட்டத்தில் இறங்கி, பிறகு மலையேறியிருக்கலாம். தேயிலையோடு தேடலை முடித்துவிடாதீர்கள்.

தோட்ட எழுத்தரான கிராணி எழுதிய செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு எங்காவது தப்பிக் கிடந்தால் அதிர்ஷ்டம்தான். கங்காணியின் பெயர், அதன்கீழ் அவருடைய ஆட்கள், எதிரே ஒவ்வொரு நாளுக்கும் வேலைக்கு வந்த குறி. வேலைக்கு வந்த ஆள்கணக்கில் கங்காணிக்குத் தரும் தலைக்காசைக் கணக்குப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. அதில் எத்தனையோ முனியாண்டிகள், எத்தனையோ மாரியாயிகள்! எந்தக் கங்காணியின் ஆள் என்று தெரியாவிட்டால், நம் முனியாண்டி யாரென்று கண்டுபிடிக்க வழியில்லை. காப்பகத்துக்குப் போகும் முன் வீட்டுக் கிழவியிடம் கேட்க வேண்டியது அதுதான். பரணிலுள்ள தகரப் பெட்டியையும் இறக்கிப் பாருங்கள். மலாயா அவசரகாலத்தில், 1948-ல் தொடங்கிய ஆள் பதிவில் கொடுத்த அடையாள அட்டை கிடைக்கலாம். பலருக்கும் வாழ்க்கையில் எடுத்த முதல் படம் அதில் ஒட்டியதுதான்.

எல்லோருக்கும் இது பொழுதுபோக்கும் அல்ல. பிறப்பைப் பதியாமல் விட்டதால் நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு இன்னும் குடியுரிமைக்கு அலைகிறவர்கள் உண்டு. அவர்கள் தேடுவது பூர்வீகத்தை அல்ல. இந்த மண்ணில்தான் பிறந்தோம் என்று காட்ட, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் புத்தகத்தில் ஒரே ஒரு வரியை.